வீசுகோலை முதலில் கையில் கொடுங்கள்

மேடைக்கு வந்து உட்காரும் வில்லுப்பாட்டு அண்ணாவியிடம் "உங்கள் கலைப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்லுவார். பிறந்த ஊர், தகப்பனார் பெயர், எந்த வயதில் கோல் பிடித்தார், யார் கையால் பொன்னாடை வாங்கினார் என்று வரிசையாக வரும். எல்லாம் ஏற்கனவே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். கூட்டம் பத்து நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிடும். அவரிடம் சரக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் விடிய விடிய ஆயிரம் பேரைக் கட்டிப்போட்டவர் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போகும்.

வில்லை முன்னால் வையுங்கள். வீசுகோலைக் கையில் கொடுங்கள். அவராகவே நாணை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். மணிகள் குலுங்கும். முகம் சற்றே சுளித்து, "நாண் கொஞ்சம் தொய்வா இருக்கு" என்பார். அப்போது கேளுங்கள்: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணாவி?" உங்கள் நிகழ்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

கலைஞர்களை மேடையில் உட்கார வைத்து அவர்கள் தொழிலைப் பற்றிப் பேச வைப்பது என் வேலை. நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கல்லூரிக் கூடங்களிலும் நூலகங்களிலும் கோயில் வாசல்களிலும் இந்த வேலையைச் செய்தே தலை நரைத்துவிட்டது. இப்போது இளைஞர்கள் சிலர் இதைக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு குடக்காரர். வில்லுப்பாட்டில் வில்லின் வளைந்த முதுகு குடத்தின் கழுத்தில் அமர்ந்திருக்கும். குடக்காரர் ஒரு கையால் வில்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பத்தி என்னும் மட்டையை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார். பார்க்கிறவர்கள் அவரைத் தாளக்காரர் என்றே எண்ணுவார்கள். அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அண்ணாவி கதை சொல்லும்போது "ஆமா" போடுவது அவர்தான். அண்ணாவி நிறுத்தும் இடத்தில் "பெறவு?" என்பார். "அது எப்படிங்க அண்ணாவி, ராசா மகன் அப்படிச் செய்வானா?" என்று ஊர் மனசில் இருப்பதைத் தன் வாயால் கேட்பார். கதை அந்தக் கேள்வியில் ஏறி நின்றுதான் அடுத்த அடி வைக்கும்.

நான் அவரிடம் போனது தாளம் கற்றுக்கொள்ள. அவர் பத்தியை என் கையில் கொடுக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு ராத்திரி ஆமா மட்டும் போடு" என்றார். நான் தலையாட்டிக்கொண்டு வரிக்கு வரி ஆமா போட்டேன். பாதிக் கதையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் சொன்னார்: "ஏலே தம்பி, எல்லா ஆமாவும் ஒரே ஆமாவா போடுதியே. அண்ணாவி மூச்சு வாங்குத எடத்துல போடுத ஆமா வேற. அவரு அடுத்த அடி தேடுத எடத்துல போடுத ஆமா வேற. அது நீளமா இருக்கணும். நீ நீட்டுதது அவருக்குத் தேடுத நேரம்."

இந்த ஒரு பாடம் எனக்கு வாழ்நாள் முழுக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது. நாம் மேடையில் கேட்கும் கேள்விகளில் பாதி, கலைஞருக்கு நேரம் கொடுக்கும் கேள்விகள். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது புதிய கேள்வி போட்டால் தேடியது போய்விடும். "ஆமா... ஆமா..." என்று இழுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இழுப்பு எவ்வளவு நீளம் என்பதை அவர் தோளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கோல் பிடித்த தோள் லேசாக எழும்பினால் பதில் வந்துவிட்டது என்று பொருள்.

குடக்காரர் சொன்ன இன்னொன்று: தனக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும், தெரியாதவன்போலக் கேட்க வேண்டும். கதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். இருந்தும் "பெறவு?" என்று கேட்கும் குரலில் உண்மையான ஆவல் இருக்கும். அந்த ஆவல் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியினுடையது. அவளுக்காக அவர் கேட்கிறார். இந்த ஆவலைப் பழைய பதிவுகளிலும் கேட்கலாம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார், அதை எழுதியவர் சுப்பு ஆறுமுகம். சுப்பு ஆறுமுகம் பின்னர் தாமே கோல் பிடித்துப் பல்லாண்டு பாடியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022இல் மறைந்தார். அவருடைய நிகழ்ச்சிப் பதிவுகள் கிடைத்தால் அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். எங்கே குறுக்கிடுகிறார்கள், எங்கே வாய் மூடியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

வடக்கே தெருக்கூத்திலும் நம் தொழில் ஏற்கனவே இருக்கிறது. கட்டியங்காரன் யார்? திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நிற்கும்போது, "ஐயா, தாங்கள் யார், எந்த நாட்டுக்கு அதிபதி?" என்று கேட்பவன். பாரதக் கூத்து பார்க்க வந்த ஊருக்குத் துரியோதனன் யாரென்று தெரியாதா? தெரிந்தும் கேட்டால்தான் ராசா தன் வாயால் சொல்லுவான். அப்படிச் சொல்லும்போதுதான் வேஷக்காரர் ராசா ஆகிறார். ஒரு மனிதரை அவர் தொழிலின் சிம்மாசனத்தில் உட்கார வைக்கும் கேள்வி அது.

கூத்துக் கலைஞர்களோடு உரையாடல் நடத்துவதாக இருந்தால், முகம் எழுதும் நேரத்தையே நிகழ்ச்சி ஆக்குங்கள். பொதுவாக அது மறைவில் நடப்பது. பார்வையாளர் முன் செய்யச் சம்மதமா என்று முன்னரே கேட்டுவிட வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வற்புறுத்தக் கூடாது. ஒப்புக்கொண்டால் பாய் விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, கண்ணாடியை அவர் எப்போதும் பிடிக்கும் இடத்தில் பிடிக்க விடுங்கள். மேடை அலங்காரம் செய்பவர் பெரிய கண்ணாடி ஒன்றை எதிரில் நிறுத்துவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடியில், மூக்கை ஒருமுறை, புருவத்தை ஒருமுறை என்று துண்டு துண்டாகப் பார்த்தே முழு முகத்தையும் எழுதிப் பழகியவர் அவர்.

எண்ணெயில் குழைத்த வண்ணத்தை முகம் முழுக்கத் தேய்க்கும்போது என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கிறது. சின்ன வயதில் யாருக்குக் கட்டை என்னும் மர அணிகளைச் சுமந்தார், கல்யாண முருங்கை மரத்தில் ஏன் கட்டை செதுக்குகிறார்கள், அந்த லேசான மரமே விடியற்காலையில் எப்படிக் கனக்கத் தொடங்கும் என்றெல்லாம் அப்போது பேச்சு தானாக வரும். புருவத்துக்குக் கோடு இழுக்கக் கை போகிறதா, வாயை மூடிக்கொள்ளுங்கள். மீசைக்கும் அப்படியே. கூடத்தில் அந்த நேரம் யாரும் பேசாமல் இருப்பது பார்ப்பவர்களுக்கும் ஒரு பாடம். ஒருமுறை இதை அறியாத ஓர் இளைஞர், புருவக் கோடு பாதியில் இருக்கும்போது "ஐயா, இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டார். பெரியவர் பதில் சொல்லத் திரும்பினார், ஈர்க்குச்சி நெற்றிக்கு ஏறிவிட்டது. அவர் கோபப்படவில்லை. துணியை எண்ணெயில் நனைத்து நெற்றியைத் துடைத்து, பூச்சிலிருந்து மறுபடி தொடங்கினார். கோட்டை மட்டும் துடைத்துவிட்டு மேலே போயிருக்கலாமே என்று பின்னர் கேட்டேன். "சிவப்பு மேல கறுப்பு கலந்தா துரியோதனன் முகம் அழுக்காயிடும். அழுக்கு முகத்தோட ராசா சபைக்கு வரலாமா?" என்றார். கோட்டின் அர்த்தம் கேட்ட இளைஞருக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது.

கிரீடம் கட்டி முடித்த பிறகு அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். அதன் பின் அவர் அவரில்லை. கேட்க வேண்டியிருந்தால் கட்டியங்காரனைக் கேட்கச் சொல்லுங்கள். அவன்தான் அதற்கு உரிமைப்பட்டவன். நாம் மேடையை விட்டு இறங்கிக் கீழே உட்கார வேண்டிய இடம் அது.

ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த பிறகு கூத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அந்தக் கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி' என்று புத்தகமாக இருக்கின்றன. வாசியுங்கள். ஒரு நாடகக்காரர் கூத்துக்காரர் முன் எப்படி உட்கார்ந்தார் என்பதற்காகவே வாசியுங்கள்.

இனி கதைக்கு வருகிறேன். கலைஞர் சொல்லும் கதையைப் பற்றிக் கேட்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "இந்தக் கதையின் சமூகச் செய்தி என்ன?" என்பது படித்தவர்கள் கேட்கும் கேள்வி. அண்ணாவிக்கு அது அந்நியமான கேள்வி. அவருக்குக் கதை என்பது இந்த ஊரில் இப்படி, அந்த ஊரில் அப்படி என்று இடத்துக்கு இடம் நடந்து போவது. அங்கே பிடியுங்கள்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ளப் பூணூலை அறுத்து எறிந்தான். செருப்புத் தைக்கக் கற்றான். மாட்டுக்கிடையைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் அவன் சிதையில் இறங்கினார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் சாமியான பட்டனுக்கு இன்றும் செருப்பைத்தான் நேர்ச்சையாகக் கட்டுகிறார்கள். இந்தக் கதையின் சில பாடங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பிறப்புக் கதை வரும். அது பின்னால் நுழைந்தது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை எழுதியிருக்கிறார்.

இதைப் பற்றி ஓர் அண்ணாவியிடம் மேடையில் கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. முதல் நாள் மாலையே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நாளைக்கு இதைக் கேக்கலாமா?" என்று அனுமதி கேட்டேன். இது முக்கியம். ஊர் நடுவில் பாடிப் பிழைக்கும் மனிதரிடம் சாதியைத் தொடும் கேள்வியை முன்னறிவிப்பு இல்லாமல் போட நமக்கு உரிமை கிடையாது. அவர் கொஞ்ச நேரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "கேளுங்க" என்றார்.

மறுநாள் நான் "அந்தப் பகுதி ஏன் சேர்க்கப்பட்டது" என்று கேட்கவில்லை. "அண்ணாவி, பொம்மக்கா பிறப்பை எந்தக் கோயில் கொடையில பாடுவீங்க, எந்தக் கொடையில விடுவீங்க?" என்று கேட்டேன். அவர் நாணை மூன்று முறை மெல்லத் தட்டினார். குடக்காரர் பத்தியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "எங்கப்பா பாடுவாரு. ஊர்ப் பெரியவங்க முன்னால உக்காந்திருப்பாங்கல்லா, பாடித்தான் ஆகணும். நானும் கொஞ்ச நாள் பாடுனேன். பெறவு விட்டுட்டேன். பொம்மக்கா பகடை மவதான். அது தெரிஞ்சுதான் பட்டன் கட்டுனான். அவ பிராமண மவன்னா, அவன் செருப்புத் தச்சதுக்கு என்ன மதிப்பு?" கூடத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னேன், நீளமாக.

பாடாத பகுதிகளைப் பற்றியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வில்லுப்பாட்டுக்கு ஒழுங்கு உண்டு: காப்பு விருத்தம், வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதை, கடைசியில் வாழி. கோயில் திருவிழாவான கொடையில் இவற்றோடு வரத்துப்பாட்டு உண்டு. உடுக்கை வேகம் ஏறி, சாமியை வரச் சொல்லிப் பாடுவது. கூடத்தில் அதை 'மாதிரிக்கு'ப் பாடச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது மாதிரிக்குப் பாடுவதற்கான பாட்டில்லை. ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் பேராசிரியர் ஒருவர் விரும்பிக் கேட்க, அண்ணாவி சங்கடத்தோடு நான்கு அடி எடுத்தார். மூன்றாவது வரிசையில் இருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. மாணவர்கள் கைபேசியைத் தூக்கினார்கள். அண்ணாவி உடனே உடுக்கையை அமர்த்தச் சொல்லி, தாளத்தைக் கீழே இறக்கி, நேராக வாழிக்குப் போனார். ஊர் வாழி, கேட்டவர் வாழி, அந்த அம்மாவைப் பார்த்துத் தாயே நீ வாழி என்று பாடிப் பாடி அவரை அமர வைத்தார். அவர் கை போன வேகமும் குரல் இறங்கிய பக்குவமும் அவர் தொழிலின் உச்சம். ஆனாலும் அந்த நிலைக்கு அவரைத் தள்ளியிருக்கக் கூடாது. எது மேடைக்கு வராது என்று கேட்டு எழுதிக்கொள்வதை அன்று முதல் நான் விட்டதே இல்லை.

சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடத்துக்கு அடியில் வைக்கும் வைக்கோல் புரிமணையை மறந்துவிட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் வளையம் தேடி அலைவார்கள். தரையில் வைத்த குடம் ஊமையாகிவிடும். நீங்களே ஒரு புரிமணை திரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியைக் குடத்தின் வாய்க்கு நேராக வைக்காதீர்கள், காற்று அடித்து இரையும். ஒரு முழம் தள்ளிச் சாய்த்து வையுங்கள். அண்ணாவிக்கு நாற்காலி போடாதீர்கள். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடியவர். நாற்காலியில் உட்கார்ந்தால் மூச்சு வேறு இடத்தில் நிற்கும். நீங்களும் பாயில் உட்காருங்கள், அவரைவிட ஒரு சாண் பின்னால்.

தோல்பாவைக்கூத்து என்றால் பேச்சைக் குறைத்துவிடுங்கள். வெள்ளைத் திரைக்கு முன்னால் பாதிக் கூட்டம், பின்னால் பாதிக் கூட்டம் என்று மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். முன்னால் இருந்து பார்த்தவர்கள் ராமனையும் ராவணனையும் கோமாளிகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்த்திருப்பார்கள். பின்னால் வந்தால், வியர்வையில் நனைந்த ஒரே மனிதர் எல்லாருக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருப்பது தெரியும். பிறகு அவரிடம் கிழிந்த பாவை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். புதுப் பாவையைப் பற்றி எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆட்டுத்தோலில் தைத்த ஒட்டுகளைக் காட்டி, இந்தத் தையல் யார் போட்டது என்று கேட்டால் மூன்று தலைமுறையின் கதை வந்துவிடும். அப்பா போட்ட தையல், அம்மா போட்ட தையல், மழையில் பெட்டி நனைந்த வருஷம் தானே போட்ட தையல்.

பார்வையாளர் கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இந்தக் கலை அழிந்துகொண்டிருக்கிறதே, இதற்கு எதிர்காலம் உண்டா?" நல்ல மனசோடுதான் கேட்பார்கள். நாற்பது வருஷம் ஒரு வேலையைச் செய்தவரிடம் அந்த வேலையின் சாவைப் பற்றிக் கருத்துக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று அவர்களுக்கு உறைக்காது. நான் இடைமறித்து, "அண்ணாவி, அடுத்த கொடை எந்த ஊர்ல?" என்று கேட்டுவிடுவேன். அவர் ஊரையும் தேதியையும் சொல்லுவார். யார் வீட்டில் சாப்பாடு, எந்தப் பேருந்து என்பதுகூட வரும். கேட்ட மாணவர்களில் சிலர் அங்கே போயும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து கேட்கும் கேள்விகள் வேறு தரம்.

கூலி விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு மணி நேரப் பேச்சுதானே என்று குறைக்கப் பார்ப்பார்கள். ஒரு ராத்திரிக் கொடைக்கு என்ன வாங்குவாரோ அதற்குக் குறையாமல் பேசி முடியுங்கள், குழுவில் குடத்துக்கும் உடுக்கைக்கும் தாளத்துக்கும் கட்டைக்கும் தனித்தனியாக. மேடை ஏறும் முன்னே உறையைக் கொடுத்துவிடுங்கள். பணம் வருமா என்ற நினைப்போடு யாராலும் நல்ல கதை சொல்ல முடியாது. அழைப்பிதழில் குடக்காரர் பெயரையும் போடுங்கள். படம் பிடித்தால் பிரதி ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் அடுத்த நிகழ்ச்சிக்கான கேள்விகள் கிடைக்கும்.

வரும் மாதம் கணியான் கூத்துக் குழுவோடு ஓர் உரையாடல் வைத்திருக்கிறேன். அண்ணாவியும் பின்பாட்டுக்காரரும் வருகிறார்கள். பெண் வேஷம் கட்டி ஆடும் இருவர், மகுடம் என்னும் பறை அடிக்கும் மகுடக்காரர் இருவர். உச்ச மகுடம் ஒன்று, மந்த மகுடம் ஒன்று. மகுடத்தைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகிச் சுருதி நிற்கும். ஏற்பாட்டாளர்கள் குளிர்சாதனக் கூடத்தைப் பிடித்திருந்தார்கள். உள்ளே தீ மூட்ட அனுமதி இல்லை, குளிரில் தோல் தொய்ந்தும் போகும். பேசிப் பார்த்து நிகழ்ச்சியைக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமர முற்றத்துக்கு மாற்றியாகிவிட்டது. காய்ந்த ஓலை ஒரு கட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன். கைவெட்டுச் சடங்கு மேடைக்கு வராது என்று அண்ணாவி சொல்லியிருக்கிறார், அதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. மகுடம் காயும் நேரத்தில் மகுடக்காரரிடம் என்ன கேட்கலாம் என்று மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். உதவிக்கு வர விரும்புகிறவர்கள் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு வராதீர்கள். மதியம் மூன்று மணிக்கே வந்துவிடுங்கள், முற்றம் கூட்ட வேண்டும், பாய் விரிக்க வேண்டும்.